நண்டு வலையில் வந்த சோழி

கோட்டக்குப்பத்தில் கடலுக்குப் போவதென்றால் இப்போது கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் தெருக்களில் எதில் நுழைந்தாலும், வீடுகள் முடியும் இடத்தில் கருங்கல் குவிந்து கிடக்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் உடனே அலை. கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் இரண்டுக்கு நடுவே மணல் கொஞ்சம் தங்கியிருக்கும் இடங்களில் ஃபைபர் படகுகளை ஏற்றி நிறுத்துகிறார்கள். அப்படி ஓர் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, முந்தின மாலை விட்ட நண்டு வலைகளை எடுத்துக்கொண்டு படகுகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

நண்டு கழட்டுவது பொறுமையான வேலை. வலையை மடிமீது இழுத்துப் போட்டு, கால் ஒடியாமல், கொடுக்கில் விரல் மாட்டாமல், ஒவ்வொரு நண்டாக நூலிலிருந்து பிரிக்க வேண்டும். கால் போன நண்டுக்கு விலை கிடையாது. படகுக்கு நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முக்கண் நண்டு ஒரு கூடை, நீலக்கால் நண்டு ஒரு கூடை. எப்போதாவது வரும் சிலுவை நண்டுக்குத் தனி வாளி. இவை போக வலையில் வருவதெல்லாம் பக்கத்தில் குவிகிறது: முள்சங்கு, கடற்பஞ்சுத் துண்டு, ஒடிந்த கடல்விசிறி, பெயர் தெரியாத பூச்சிகள். வெயில் ஏறியதும் காக்கை வந்து கிளறும். அந்தக் குவியலைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

“சோழியா? பார் மேல விட்ட வலையில வரும் சார். சேத்துல விட்டா வராது” என்றார் வலை இழுத்துக்கொண்டிருந்தவர். கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடத்தைக் கடலோடிகள் பார் என்கிறார்கள். கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே நீலமாகத் தெரியும் கடல் அவருக்குச் சேறு, மணல், பார் என்று தனித்தனி நிலமாகத் தெரிகிறது. எந்த நிலத்தில் எது மேயும் என்பதும் தெரிகிறது. சோழி எங்கே வாழும் என்பதற்கு அவர் சொன்ன ஒரு வரி போதும். அதற்குக் கெட்டியான தரை வேண்டும். ஒளிய ஓர் இடுக்கு வேண்டும், மேயப் பாசி வேண்டும். இங்கிருந்து வடக்கே மரக்காணம் நோக்கிப் போனால் கழுவேலி ஏரியும் உப்பளங்களும் உப்பங்கழியும் வருகின்றன. அந்தச் சேற்றில் கூம்பு வடிவ நத்தைகள் ஆயிரக்கணக்கில் ஊரும். சோழிக்கு அங்கே இடமில்லை.

வலையின் கடைசிப் பாகத்தில் அது வந்தது. நூலைப் பற்றிக்கொண்டு ஒட்டியிருந்ததை ஒரு பெண் பிடுங்கிக் குவியலில் போடப் போனார். நான் கேட்டதும் கையில் கொடுத்தார். கட்டைவிரலைவிடச் சற்று நீளம், நல்ல கனம். ஈர முதுகில் மண்ணிறக் கோடுகள் நெருக்கமாக ஓடின. அவற்றுக்கு நடுவே வெளிறிய வட்டங்கள். விளிம்பில் கருமையான திட்டுகள். திருப்பினால் வாய்: நீளமான ஒரு வெட்டு, இரு உதட்டிலும் செம்மண் நிறத்தில் வரிசையாகப் பற்கள். அரபிச் சோழி. முதுகுக் கோடுகள் அரபி எழுத்துபோல் இருப்பதாக நினைத்து 1758-இல் லின்னேயஸ் இதற்கு அரபிகா என்று பெயர் வைத்தார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரைப் பக்கத்திலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை விரிந்த கடற்பரப்பில் இந்த இனமும் இதன் நெருங்கிய உறவினங்களும் பரவியிருக்கின்றன.

வாளியில் கடல் தண்ணீர் மொண்டு, அதில் விட்டு, படகின் நிழலில் வைத்தோம். வெகுநேரம் அசைவில்லை. நண்டு கழட்டுகிறவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்கள். பிறகு வாயின் ஒரு முனையில் சிறு குழாய் ஒன்று நீண்டது. அதன் விளிம்பில் பிசிறு. தண்ணீரை உள்ளே இழுத்து மோப்பம் பார்க்கும் குழாய் அது. அடுத்து இரண்டு உணர்கொம்புகள், அவற்றின் அடியில் கரும்புள்ளியாக இரண்டு கண்கள். அகன்ற பாதம் வெளியே வந்து வாளியின் அடியைப் பிடித்தது. கொம்பும் பாதமும் நீட்டி வெளியே வருவது தோட்டத்து நத்தையும் செய்வதுதான். அதன் பிறகு நடப்பது சோழிக்கே உரியது. ஓட்டின் இரு பக்கத்து விளிம்பிலிருந்தும் சாம்பல் கலந்த கருநிறத்தில் மெல்லிய தசைப்போர்வை மெதுவாக மேலேறத் தொடங்கியது. கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன, வட்டங்கள் மறைந்தன. போர்வையெங்கும் கிளைவிட்ட சிறு நுனிகள் எழுந்து நின்றன. இரண்டு மடிப்பும் முதுகின் நடுவே வந்து தொட்டபோது வாளியில் சோழி என்று ஒன்று இல்லை; பாசி படர்ந்த கல் துண்டு ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“நாப்பது வருசமா வலையில பாக்குறேன், இப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னு பாத்ததில்ல” என்று அந்தப் பெண் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வலையில் வரும்போது அது எப்போதும் உள்ளே சுருங்கியே இருக்கும், பார்க்க வாய்ப்பில்லை.

மேன்டில் எனப்படும் அந்தப் போர்வைதான் சோழியின் பளபளப்பை உண்டாக்குகிறது. மற்றச் சங்குகளும் சிப்பிகளும் பெரும்பாலும் ஓட்டை வெளியே காட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஓட்டின் மீது பாசி பிடிக்கும், கொட்டலசு ஒட்டும், சுண்ணாம்பு அரிக்கும். சோழியின் ஓடு வாழ்நாளின் பெரும்பகுதியைத் தசைக்குள்ளேயே கழிக்கிறது. போர்வை ஓட்டின் வெளிப்புறத்தில் மெல்லிய பூச்சாகப் புதிது புதிதாகச் சுண்ணாம்பைப் படியவைத்துக்கொண்டே இருக்கிறது. கீறல் விழுந்தால் மூடிவிடுகிறது. முதுகில் வெளிறிய கோடு ஒன்று நெடுக ஓடுகிறதே, இரு பக்கப் போர்வைகளும் வந்து சந்திக்கும் இடம் அது.

இளம் சோழியைக் காட்டினால் சோழி என்று யாரும் நம்பமாட்டார்கள். மெல்லிய ஓடு, அகன்ற வாய், முனையில் சாதாரண நத்தையின் சுருள். முழு நீளம் வளர்ந்ததும் வெளி உதடு உள்பக்கமாக மடிகிறது, பற்கள் தடிக்கின்றன, சுருள் மூடப்பட்டு மறைகிறது. அதன் பிறகு நீளம் கூடுவதில்லை, ஓடு கனமாகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். பெண் சோழி முட்டைக் கூடுகளைப் பாறையில் ஒட்டிவிட்டு, அவற்றின் மேல் பாதத்தை விரித்துப் பொரிகிற வரை அடைகாக்கும். பொரிந்து வரும் நுண்ணிய குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து போய், எங்கோ ஒரு பாறையில் இறங்கும். பகலில் கல்லடியில் ஒடுங்கியிருந்து இரவில் மேய வெளியே வருகிற உயிர் இது. நண்டு வலையும் இரவெல்லாம் கடலடியில் கிடக்கிறது. இரண்டும் சந்திப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

வலைக்காரர் வாளியைக் கேட்டு வாங்கினார். தூண்டில் வளைவின் நுனி வரைக்கும் கல் மேல் நடந்து போய், அலை அடங்கிய பக்கத்தில் இடுக்கில் இறக்கிவிட்டு வந்தார். நான் சொல்லாமலே செய்தார்.

நானும் அந்தக் கல்லின் மேலேயே வடக்கு நோக்கி நடந்தேன். இந்தக் கல் வந்த கதையைச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றிப் பேச முடியாது. நமது கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வாடைக் காலத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவருகிறது. கணக்குப் பார்த்தால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே நகர்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காக 1989-இல் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபோது அந்தப் போக்கு அறுந்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே புதுச்சேரி நகரத்தின் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்திலிருந்து கடல் அரித்தது, அங்கும் கொட்டினார்கள். அப்படியே எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அரிப்பும் கல்லும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்ந்தன. வீடுகள் போயின, தென்னைகள் போயின. கரைவலை இழுக்கவும் கருவாடு காயவைக்கவும் இருந்த மணல் போயிற்று.

கல் இருந்தால் பாறையில் வாழும் உயிர் வரும் என்பது உண்மை. நீர் வற்றியிருந்த நேரம் அது. இந்தக் கரையில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான், என்றாலும் அலை இறங்கும்போது கல்லின் அடிப்பாகம் தெரிகிறது. வழுக்குப்பாசி, கொட்டலசு, கல்லோடு கல்லாக ஒட்டிய சிப்பி, குறுக்கே ஓடும் பாறை நண்டு. சிறு கற்களைப் புரட்டி, பார்த்த பிறகு பழையபடியே கவிழ்த்து வைத்தேன். நான் புரட்டிய கல் எதன் அடியிலும் சோழி இல்லை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன், “ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்கண்ணா, சின்னதா பாம்புத் தலை மாதிரி இருக்கும்” என்றான். அலை மோதும் பாறையிலேயே வாழத் தெரிந்த பாம்புத்தலைச் சோழியை அவன் பார்த்திருக்கலாம். அது இங்கே குடியேறியிருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கல் செயற்கைப் பவளப்பாறை ஆகிவிடும், கடல்வளம் பெருகும் என்று சிலர் ஆறுதல் பேசுவதை நான் ஏற்கவில்லை. மணலில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கும் மணலைத் தோண்டி வாழும் நண்டுக்கும் மட்டிக்கும் இந்தக் கல்லால் ஒரு பயனும் இல்லை. போனது ஓர் உலகம், வந்தது வேறொன்று.

தெருவுக்குள் திரும்பினால், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் கல்லில் இறங்கி வந்த என்னைக் கூப்பிட்டு, எதைத் தேடுகிறேன் என்று விசாரித்தார். சொன்னதும் உள்ளே போய்ச் சுருக்குப்பை ஒன்றை எடுத்து வந்து தரையில் கவிழ்த்தார். விரல்நுனி அளவுள்ள மஞ்சள் சோழிகள், தொட்டுத் தொட்டுத் தேய்ந்து வழவழத்துப் போனவை. பணச்சோழி என்னும் மொனேட்டா இனம். “மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் போனப்ப எங்க அம்மா வாங்கினது கண்ணு. பல்லாங்குழிக்கும் இதுதான், தாயத்துக்கும் இதுதான்.” ஆறு சோழியைக் கையில் குலுக்கி உருட்டினார். வாய் மேலே பார்த்து விழுந்தவற்றை விரலால் தள்ளி எண்ணினார். பேத்திகள் இப்போது ஆடுவதில்லையாம். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தொட்டிலில் கட்ட இரண்டு கேட்டு இன்னமும் யாராவது வருகிறார்களாம்.

இந்த இனம் ஆயாவின் வாசலுக்கு எதிரே உள்ள கடலில் பெருகுவதல்ல. ஆழம் குறைந்த வெதுவெதுப்பான பவளத் திட்டுகளில்தான் அது கூட்டம் கூட்டமாக வாழும்: மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, எல்லாவற்றுக்கும் மேலாக மாலத்தீவு. அங்கிருந்து அது உலகத்தின் பணமாகப் போன கதை நீண்டது. மாலத்தீவில் 1343-44-இல் காஜியாக இருந்த பயணி இப்னு பதூதா நேரில் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். கடலிலிருந்து எடுத்த சோழிகளைக் கரையில் குழி தோண்டிப் போடுவார்கள். சதை அழுகிப் போய் ஓடு வெள்ளையாக மிஞ்சும். நான்கு லட்சம் சோழிக்கு ஒரு பொன் தினார். விலை சரிந்தால் பன்னிரண்டு லட்சம் கொடுக்க வேண்டும். வங்காளத்து வணிகர்கள் அரிசி கொண்டுவந்து கொடுத்துச் சோழி ஏற்றிப் போனார்கள். அதே மனிதர் பின்னாளில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போனபோது, அங்கே 1,150 சோழிக்கு ஒரு தினார் என்று விற்பதைப் பார்க்கிறார். இடையில் எத்தனை கைகள் மாறியிருக்கும், அந்த லாபம் யார் யாரிடம் தங்கியிருக்கும்!

நம் பக்கத்தில் காசும் பணமும் வராகனும் புழங்கியதால் சோழி விளையாட்டுக்கும் மருந்துக்கும் குறி பார்ப்பதற்குமாக நின்றுவிட்டது. சித்த மருத்துவத்தில் இதைச் சுத்திசெய்து புடமிட்டு எடுப்பதுதான் பலகறை பற்பம். வங்காளத்திலும் ஒரிசாவிலும் நிலவரியே சோழியில் கட்டினார்கள். ரூபாய்க்கு 5,120 என்பது அங்கே ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்த கணக்கு. ஒரிசாவில் ஆங்கிலேயர் சோழியில் வரி வாங்குவதை நிறுத்தி வெள்ளியாகக் கேட்டார்கள். வெள்ளி கிடைக்காமல் குடியானவர்கள் நொடிந்தது 1817-இல் வெடித்த பைக்கா கிளர்ச்சிக்கு ஒரு காரணம்.

கோட்டக்குப்பத்தில் நின்றுகொண்டு நினைக்க வேண்டிய கொடுமை வேறு ஒன்று இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரி, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியத் தலைமையிடமாக இருந்தது. 1750-களில் இங்கிருந்து போன பிரெஞ்சுப் படை மாலத்தீவின் மாலேயில் சில ஆண்டுகள் முகாமிட்டிருந்தது. டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எல்லோருமே துணிமூட்டைக்கு அடியில் கப்பலின் நிலைப்புக்கான சுமையாகச் சோழியை ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் அது ஏலம் போயிற்று. அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், மனிதர்களை அடிமையாக வாங்கக் கொடுத்த விலையின் ஒரு பங்காயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் இறங்கிய சோழி ஆயிரம் கோடி அளவுக்கு இருக்கும் என்று ஹோகன்டார்ன், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் குழியில் அழுகவைத்த ஓர் உயிர். அந்த ஓட்டைக் கொடுத்து வாங்கியது மனித உயிரை. ஆயாவின் சுருக்குப்பையிலிருந்து சிந்தியவற்றைத் திரும்பப் பொறுக்கிப் போடும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நெஞ்சை அடைத்தது.

வெயில் தாழ்ந்ததும், ஆரோவில்லுக்குத் திரும்பும் வழியில் முதலியார்சாவடிப் பக்கம் சாலையோரக் கடை ஒன்றில் நுழைந்தேன். சோழித் தோரணம், சோழி ஒட்டிய கண்ணாடிச் சட்டம், முதுகை அறுத்து நூலில் கோத்த கழுத்து மாலை. கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை அளவில் புலிச்சோழிகள், அவற்றின் பக்கத்தில் காலையில் வாளிக்குள் பார்த்த அதே அரபிச் சோழி. டியூப் லைட் வெளிச்சம் அதன் முதுகில் கோடாக விழுந்து மின்னியது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “ராமேஸ்வரம் சரக்கு சார். பெருசு சிலது பிலிப்பைன்ஸ்னு சொல்றாங்க. எல்லாம் கரையில ஒதுங்குறதுதான், பொறுக்கிட்டு வர்றாங்க.”

கல்லோரத்தில் நான் எடுத்து வைத்திருந்த சோழி ஓடு ஒன்றைப் பெட்டியின் மேல் வைத்தேன். அலையில் உருண்டு, வெயிலில் காய்ந்து, நிறம் ஊதாவாக வெளுத்து, சொரசொரத்துப் போன ஓடு. கரையில் ஒதுங்குவது இப்படித்தான் இருக்கும் என்றேன். போர்வை தந்த பூச்சு, உயிர் போன பிறகு மணலின் உராய்வைத் தாங்குவதில்லை. பெட்டிக்குள் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே உயிரோடு எடுத்துக் கொன்று சுத்தம் செய்தவைதான். கடைக்காரர் இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். காலையில் நான் பார்த்ததை, போர்வை ஏறி மூடியதை, அவரிடம் விவரமாகச் சொன்னேன். நம்பாமல் இல்லை. “ஏஜென்ட் எங்ககிட்ட அப்படிச் சொன்னதே கிடையாது சார். நாங்களும் வாங்குறவங்ககிட்ட அதைத்தான் சொல்லிட்டு இருக்கோம்.”

அரபிச் சோழியை விற்பதற்குத் தடை இல்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் கடல் நத்தைகளையும் சிப்பிகளையும் பட்டியலில் சேர்த்தபோது சோழியில் மூன்று இனங்கள் இடம்பெற்றன. அவை எவை என்று அவர் கேட்டார். முதுகில் ஆற்று வரைபடம்போல் கிளைத்த கோடு ஓடுவது மாப்பா. நீளமாக, மண்ணிறப் பட்டைகளோடு, அடிப்பக்கம் கருத்திருப்பது டால்பா. சிறியதாக, உடம்பெங்கும் வெள்ளைப் பொரியோடு இருப்பது லிமாசினா. அவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். மூன்றும் அதில் இல்லை. பில் புத்தகத்தின் பின் அட்டையில் மூன்று பெயரையும் எழுதிக்கொண்டு, அடுத்த முறை சரக்கு வரும்போது ஏஜென்ட்டிடம் இவற்றைக் காட்டிக் கேட்பதாகச் சொன்னார்.